கலவையிலிருந்து தொடங்குக!

இலண்டன் மாநகரில் ஒரு புத்தகக் கடை. கட்டுப் போடுவதற்கென வந்து குவியும் ஏடுகள். அவற்றைத் தைத்து, பசை தடவி, அட்டை பொருத்தும் வேலையில் ஒரு சிறுவன். கொல்லுத் தொழிலாளியின் மகன். பள்ளியில் அவன் பெற்றது எழுத்தும் எண்ணும் மட்டுமே. பிறர் படிப்பதற்காகப் புத்தகம் கட்ட வந்தவன், கட்ட வந்த புத்தகத்தைத் தானே படித்தான். படித்ததோடு நின்றானா? இல்லை. ஏட்டில் கண்டது மெய்தானா என்று, தன் கைக்காசுக்கு எட்டிய சிறு சிறு சோதனைகளால் சரிபார்த்தான். 'மெய்' என்று கண்ட பின்னரே ஏற்றான். மின்னியலின் தந்தையருள் ஒருவர் என்று உலகம் போற்றும் மைக்கேல் பாரடேதான் அச்சிறுவன். பிறந்த ஆண்டு 1791.

அவன் கையில் கிடைத்த ஏடு எது? 'வேதியியல் உரையாடல்கள்' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட ஆங்கில நூல். 1806 என்னும் ஆண்டைத் தாங்கி, இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆக்கியோர் பெயர் இல்லை! ஏன் இல்லை? எழுதியவர் ஒரு பெண். பெயர், ஜேன் மார்செட். அறிவியல் ஆடவர்க்கே உரியது என்று எண்ணிய காலம் அது. பல பதிப்புகள் விற்று முடிந்து, நாடெங்கும் மாணவர் பயின்ற பிறகுதான் அவர் பெயர் நூலின் முகப்பில் ஏறிற்று.

இருநூறு ஆண்டுகளைக் கடந்த ஏட்டை இன்று ஏன் ஆராயவேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அந்த நூலின் முதற்பாடம் எதுவோ, அதுவே இன்றும் நம் பள்ளிகளில் வேதியியலின் முதற்பாடம்: தனிமம், சேர்மம், கலவை. அந்த அம்மையார் அதை எப்படிக் கற்பித்தார்? நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

நூலின் அமைப்பு எளியது. ஓர் ஆசிரியை, இரு சிறுமியர். எமிலி பொறுமைசாலி, காரலைன் துடுக்குக்காரி. சிறுமியர் கேட்கிறார்கள், ஐயுறுகிறார்கள், தவறாக விடை சொல்கிறார்கள். ஆசிரியை சோதனை செய்து காட்டுகிறார். 'வாயை மூடு, எழுதிக்கொள்' என்ற அதட்டல் இல்லை. தவறான விடைக்குப் பிரம்பு இல்லை. ஐயம் எழுப்பியவளைத் திமிர் பிடித்தவள் என்று ஏசவில்லை. கேள்விதான் பாடத்தை நடத்திச் செல்கிறது. இந்த ஒரு பண்புக்காகவே இந்நூலை ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் படிக்கவேண்டும் என்போம்.

இதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஹம்ப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞரின் சொற்பொழிவுகளை மார்செட் அம்மையார் கேட்டார். முதலில் சரிவர விளங்கவில்லை. வீடு திரும்பி, நண்பரோடு பேசிப் பேசி, சோதனை செய்து பார்த்தபின் விளங்கிற்று. அந்த அனுபவமே நூலாயிற்று. விளங்காமல் தவித்தவர், விளங்காமல் தவிப்போர்க்காக எழுதியது. எல்லாம் அறிந்த பெரும்புலவர் எழுதும் பாடநூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நாம் கலைப்பட்டம் பெற்றவர். கற்பிக்க வந்தது வரலாறு. அறிவியல் ஆசிரியர் இல்லாத ஒரு பருவத்தில், எட்டாம் வகுப்பின் அறிவியலும் நம் தலையில் விழுந்தது. முதல் நாள், 'தனிமம் என்றால் என்ன?' என்று கேட்டோம். 'ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் தனிமம்' என்று நாற்பது குரல்கள் ஒன்றாய் ஒலித்தன. மந்திரம் ஓதும் ஒழுங்கு! 'அணுவைக் கண்டதுண்டா?' என்றோம். இல்லை. 'பிறகு எப்படித் தெரியும்?' 'புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஐயா.'

தோழர்களே! அந்த விடை நம்மைச் சுட்டது. நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து பூதங்களால் ஆனது உலகம் என்று முன்னோர் சொன்னதை, ஏட்டில் இருக்கிறது என்பதற்காக நம்பலாகாது என்று மேடையில் முழங்குகிறோம். அதே வேளையில் வகுப்பறையில் நூற்றுப் பதினெட்டுத் தனிமங்கள் உண்டு, நம்பு என்கிறோம். எதனால் என்று சொல்லாவிடில், ஐந்தை நம்பிய பிள்ளைக்கும் நூற்றுப் பதினெட்டை நம்பும் பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? எண்ணிக்கையில்தானே! மூடநம்பிக்கை என்பது தவறானதை நம்புவது மட்டுமன்று. சரியானதையே காரணம் கேளாமல் நம்புவதும் அதன் உடன்பிறப்பே.

மார்செட் அம்மையாரின் சிறுமியும் மண், நீர், காற்று, தீ என்ற பழைய நான்கையே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறாள். ஆசிரியை அவளை எள்ளி நகையாடவில்லை. நீரைப் பிரித்துக் காட்டுகிறது வேதியியல். பிரிந்தது எப்படிப் பூதமாகும்? 1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் வோல்ட்டா மின்கலத்தின் மின்சாரத்தை நீரில் செலுத்தி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வளிகளாக அதைப் பிரித்தனர். கன அளவில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். ஒன்று எரியும், மற்றொன்று எரிவதற்குத் துணைநிற்கும். இரண்டும் சேர்ந்தால் நெருப்பை அணைக்கும் நீர்! இதைக் கண்ணால் கண்ட பிள்ளையிடம் பூதக் கதை செல்லுமா?

ஆயினும் நூலில் குறையும் உண்டு. முதல் தொகுதி முழுவதும் தனிப்பொருள்கள். இரண்டாம் தொகுதி சேர்மங்கள். கலவைக்கெனத் தனிப்பகுதி இல்லை. நம் பாடநூல்கள் கலவைக்கு இடம் தருகின்றன; ஆனால் மூன்றாம் இடம். தனிமம், சேர்மம், கலவை என்ற வரிசை புலவர்க்கு ஏற்றது, பிள்ளைக்கு ஏற்றதன்று. வேதியியலைப் புதுக்கிய பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே, 1789இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பதையே நெறியாகக் கொண்டார். பிள்ளைக்குத் தெரிந்தது எது? தனிமமா? தூய ஹைட்ரஜனை எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் கண்டது? அது கண்டதெல்லாம் கலவை. கல்லும் அரிசியும் கலவை. அம்மா முறத்தில் புடைத்துப் பிரிக்கிறாள். கடல்நீர் கலவை, தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் நீரை ஆவியாக்க, உழைப்பாளி உப்பை வாருகிறார். மோர் கலவை, மத்து வெண்ணெயைத் திரட்டுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றும் கலவையே: நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன், எஞ்சியது ஆர்கானும் பிறவும்.

ஆகவே கலவையிலிருந்து தொடங்குக என்கிறோம். புடைத்தும், வடித்தும், காய்ச்சியும், காந்தம் காட்டியும் பிரித்துக்கொண்டே போகட்டும் பிள்ளைகள். இவ்வழிகளால் இனிப் பிரியாது என்று ஒரு பொருள் நிற்கும் இடத்தில், 'வேறு வழியில் பிரியுமா?' என்ற கேள்வி தானே பிறக்கும். பிரிந்தால் சேர்மம். எந்த வேதியியல் வழியாலும் அதைவிட எளிய பொருளாகப் பிரியவில்லை எனில் தனிமம். சொற்களும் துணைநிற்கின்றன: கலப்பது கலவை, சேர்வது சேர்மம், தனித்து நிற்பது தனிமம். ஈழத்தில் மூலகம், சேர்வை, கலவை என்பர். தமிழில் வேரும் பொருளும் கண்ணெதிரே கிடக்க, அவற்றை வடமொழிச் சுலோகம்போல் மனப்பாடம் செய்விப்பது என்ன கொடுமை!

கலத்தலுக்கும் சேர்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் எடுத்துக்கொண்டோம். இரண்டையும் கலந்து காந்தத்தைக் காட்டினோம். இரும்பு ஒட்டிக்கொண்டது, கந்தகம் தங்கிற்று. எனவே கலவை. பின்னர்ச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடேற்றினோம். ஓரிடத்தில் செந்தணல் தோன்றிற்று. விளக்கை அகற்றினோம், அப்போதும் தணல் தானே பரவிற்று! ஆறியபின் கிடைத்தது கருநிறக் கட்டி. மஞ்சள் இல்லை. காந்தத்திற்கு ஒட்டாது என்று பெருமிதத்தோடு காந்தத்தைக் காட்டினோம். ஒட்டிற்று!

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, 'ஐயா, புத்தகம் பொய் சொல்கிறதா?' என்றான். நாம் வெட்கினோம், உடனே மகிழ்ந்தோம். அந்த ஒரு கேள்விக்காகத்தானே இவ்வளவும்! இரும்பை அளக்காமல் அள்ளிப் போட்டதுதான் பிழை. மறுநாள் தராசு கொண்டுவந்தோம். எடையில் 7 பங்கு இரும்புக்கு 4 பங்கு கந்தகம். நன்கு அரைத்துக் கலந்து சூடேற்றினோம். இம்முறை காந்தம் ஏறத்தாழ வெறுங்கையோடு திரும்பிற்று. முதல்நாள் ஒட்டியது, சேர இணை கிடைக்காமல் எஞ்சிய இரும்பு. கலவைக்கு அளவு இல்லை. சேர்மத்திற்கு அளவு உண்டு. பிரெஞ்சு நாட்டுப் புரூஸ்ட், பெர்த்தோலே என்னும் மற்றோர் அறிஞரோடு ஆண்டுக்கணக்கில் வாதிட்டு நிலைநாட்டிய உண்மை, ஒரு தராசுத் தட்டில் எட்டாம் வகுப்பு மாணவனுக்குப் புலப்பட்டது.

பின்னர் அவர்களே எடுத்துக்காட்டுகளைக் கொண்டுவந்தார்கள். நகைக்கடை விளம்பரத்தில் வரும் 916 என்ன? ஆயிரத்தில் 916 பங்கு பொன், எஞ்சியது செம்பு முதலியன, விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம், ஆதலால் கலவை. பித்தளையும் அவ்வாறே, செம்பும் துத்தநாகமும் கலந்தது. தண்ணீரில் அப்படிச் செய்ய முடியுமா? எடையில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் என்ற கணக்கு, காவிரி நீருக்கும் ஒன்றே, கங்கை நீருக்கும் ஒன்றே! புனித நீர் என்று செம்பில் அடைத்து வந்தாலும், சேரித் தெருக் குழாயில் பிடித்தாலும், நீர் நீரே. வேறுபடுவது அதில் கலந்திருக்கும் உப்பும் அழுக்குமே. கலவைக்கும் சேர்மத்திற்கும் வேறுபாடு அறிந்தவனிடம் தீட்டு என்ற சொல் எடுபடுமா?

மார்செட் நூலின் மற்றொரு பிழையையும் மறைக்கமாட்டோம். ஒளியையும் வெப்பத்தையும் தனிப்பொருள்களின் வரிசையில் முதலில் வைக்கிறது அந்நூல். லவாய்சியே தொகுத்த 33 தனிமங்களின் பட்டியலிலும் அவை இரண்டும் இருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. இன்று அவற்றைத் தனிமம் என்பார் இல்லை. ஆனால் அவர்கள் பிழையைப் பூசித்துக்கொண்டிருக்கவில்லை. 'இதுவரை எம்மால் பிரிக்க முடியாதது தனிமம். நாளை பிரிந்தால் மாற்றிக்கொள்வோம்' என்பதே அவர்களின் இலக்கணம். 1807இல் டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தை எடுத்தார். பின்வந்த பதிப்புகளில் மார்செட் தம் நூலைத் திருத்திக்கொண்டே சென்றார். 1913இல் மோஸ்லியின் ஆய்வு, தனிமத்தின் அடையாளம் அதன் அணு எண் என்று காட்டிற்று. இலக்கணமே திருந்திற்று. திருத்தம் இழுக்கன்று, அறிவியலின் உயிர் அதுவே. திருத்தமுடியாத ஏடு என்று ஒன்றைச் சொல்வோர், அது அறிவு நூல் அன்று என்பதைத் தாமே ஒப்புக்கொள்கின்றனர்.

இறுதியாக ஒரு குறை. நூலில் வரும் சிறுமியர் வசதி படைத்த வீட்டார். கருவிக்கும் மருந்துக்கும் அங்கே பஞ்சமில்லை. பட்டறைப் பிள்ளையை எண்ணி அந்நூல் எழுதப்படவில்லை. ஆயினும் பட்டறைப் பிள்ளையே அதன் தலைசிறந்த மாணவனானான்! 1813இல் டேவியின் உதவியாளராய் ஆய்வுக்கூடத்தில் நுழைந்த பாரடே, தம் வாழ்நாள் முழுதும் மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசிரியையாக மதித்தார். தம் கட்டுரைகளின் படிகளை அவருக்கு அனுப்பினார். கல்வி யாருக்கென்று எழுதியவர் வரையறுக்கலாம்; படிக்கும் வேட்கை அந்த வேலியைத் தாண்டிவிடும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். ஆய்வுக்கூடம் இல்லை என்று கைகட்டி நிற்கவேண்டா. மஞ்சளில் சுண்ணாம்பு நீர் விடுங்கள், சிவக்கும். எலுமிச்சைச் சாறு விடுங்கள், மஞ்சள் மீளும். காரமும் காடியும் செய்யும் மாற்றம் அது. செம்பருத்தி இதழ் தேய்த்த கத்தியால் எலுமிச்சையை அறுத்துக் குருதி வருகிறதென்று ஊரை அச்சுறுத்துவோன் அடுத்த முறை வரும்போது, நம் மாணவன் அஞ்சி ஓடமாட்டான். கத்தியை வாங்கிக் கழுவிவிட்டு, 'இப்போது அறுங்கள், ஐயா' என்பான்.

அந்தக் குரல்தான் நமக்கு வேண்டும். வரையறைகளை ஒப்பிக்கும் நாற்பது குரல்கள் வேண்டா. புத்தகம் பொய் சொல்கிறதா என்று கடைசி வரிசையிலிருந்து எழும் ஒரு குரல் போதும். தராசை நாம் எடுத்துவருவோம்.