எதிர்முனையில் ஒரு நண்பன்

2018-இல் வந்த 'கனா' படத்தில் சிவகார்த்திகேயன் ஏற்ற பயிற்சியாளர் வேடத்துக்கு நெல்சன் திலீப்குமார் என்று பெயர். விஜய் டிவி நாள்களிலிருந்து அவருக்குப் பழக்கமான நண்பர், அதே 2018-இல் 'கோலமாவு கோகிலா' எடுத்து இயக்குநரான நெல்சனின் முழுப் பெயர் அது. 'கனா'வை எழுதி இயக்கிய அருண்ராஜா காமராஜ், திருச்சி ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் சிவகார்த்திகேயனோடு படித்தவர். தயாரிப்பு சிவகார்த்திகேயன், அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அதுதான் முதல் படம். ஒருவர் முதல் போட, ஒருவர் இயக்க, இன்னொருவர் பெயராக உள்ளே வர, மூன்று நண்பர்கள் சேர்ந்த அந்தப் படம் 2018 டிசம்பர் 21 அன்று திரைக்கு வந்தது. தனுஷின் 'மாரி 2', ஜெயம் ரவியின் 'அடங்க மறு' என்று பெரிய படங்கள் அன்றே வெளியாகியும் அது தாக்குப்பிடித்து ஓடியது.

மிமிக்ரி மேடையில் கைத்தட்டல் வாங்கி வளர்ந்த சிவகார்த்திகேயன், சொந்தக் காசில் எடுத்த முதல் படத்தில், சிரிக்க வைக்கும் பொறுப்பே இல்லாத ஒரு வேடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார். அதுவும் இரண்டாம் பாதியில் வருகிற வேடம். கிரிக்கெட்டில் எதிர்முனையில் நிற்பவரும் ஒவ்வொரு ரன்னுக்கும் இருபத்திரண்டு கெஜம் ஓடுகிறார். கணக்கு அடித்தவர் பெயரில் ஏறுகிறது. மேடைச் சிரிப்பிலும் அப்படி ஓடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆட்டத்தை யாரும் அலசுவதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்த இந்தப் பகுதியில் சிரிப்பு மேடை என்றால், சென்னையில் போல டிக்கெட் போட்டு ஒருவர் மைக் பிடித்து நிற்கும் அரங்கு அல்ல. இங்கே நாற்றங்கால் கல்லூரி கல்ச்சுரல்ஸ்தான். திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர், தஞ்சை சாஸ்த்ராவின் குருக்‌ஷாஸ்த்ரா போன்ற பெரிய விழாக்கள் தொடங்கி, சின்னச் சின்னக் கல்லூரி ஆண்டு விழாக்கள் வரை பையன்கள் பஸ் பிடித்துப் போய் ஆடிவிட்டு வருவார்கள். மிமிக்ரி தனி ஆள் ஆட்டம். விளம்பரத்தைக் கேலி செய்யும் அட்ஸாப், சேனல் சர்ஃபிங் இரண்டும் கூட்டு ஆட்டம்.

சேனல் சர்ஃபிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏழெட்டுப் பேர் மேடையில் நிற்பார்கள். ஒருவன் செய்தி வாசிப்பான். விசில் அடித்ததும் அப்படியே உறைய வேண்டும். அடுத்தவன் சமையல் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும். செய்தியில் பாதியில் நின்ற வாக்கியத்தைச் சமையல்காரன் எடுத்து முடித்தால்தான் அரங்கம் அதிரும். சிரிப்பு முழுவதும் சமையல்காரனுக்குப் போகும். ஆனால் எந்தச் சொல்லில் வாக்கியத்தை நிறுத்துவது என்பது செய்தி வாசிப்பவன் கையில் இருக்கிறது. ஒரு சொல் தாண்டி நிறுத்தினால் அந்த ஜோக் செத்துவிடும். எந்த இடத்தில் நிறுத்தினால் நண்பனுக்கு வசதி என்று கண்டுபிடிக்க, விடுதி மொட்டை மாடியில் இரவு இரவாக ஒத்திகை பார்க்க வேண்டும். அவனுடைய மூச்சு எங்கே விழும் என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். இப்படிப் பழகிய நட்பு தேர்வு முடிந்ததும் கலைந்துபோவதில்லை. உடம்பில் பழக்கமாகத் தங்கிவிடுகிறது.

'கலக்கப்போவது யாரு' மேடையில் வென்ற பிறகு சிவகார்த்திகேயன் தொகுத்து வழங்கிய 'அது இது எது' நிகழ்ச்சியை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்க்கலாம். அதில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று. மறைந்த வடிவேல் பாலாஜி, ராமர் போன்ற கலைஞர்கள் வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் விருந்தினர் சிரித்துவிட்டால் தோற்றார். தொகுப்பாளர் நினைத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் தன் ஜோக்கைச் செருகிவிடலாம். அந்த அளவுக்குச் சரக்கு உள்ளவர்தான் அவர். பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். ஆட வந்தவர் விடை சொல்லும் வரை காத்திருந்தார். சிரிப்பு விழுந்ததும் பக்கவாட்டில் ஒதுங்கினார். பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்த இந்த வேலைதான் சுற்றின் வேகத்தைத் தாங்கிப் பிடித்தது.

'கனா' வெளியான ஆண்டையும் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 177.25 டிஎம்சி என்று தீர்மானித்தது. மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரிப் போராட்டம் மூண்டது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னை அணி கொல்கத்தாவுடன் ஆடியபோது மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மிச்சமிருந்த சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. வயல் காயும்போது கிரிக்கெட் ஒரு கேடா என்று ஒரு தரப்பு கேட்டது. விளையாட்டை ஏன் இழுக்கிறீர்கள் என்று மறுதரப்பு கேட்டது. பிறகு ஆகஸ்டில் நீர் பெருகி வந்தபோது முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஐந்து வாரம் கழித்து, காவிரிக்கரை விவசாயியின் மகள் இந்திய அணிக்குப் பந்துவீசும் கதை தியேட்டருக்கு வந்தது. ஏப்ரலில் எதிரும் புதிருமாக நிறுத்தப்பட்ட வயலையும் கிரிக்கெட்டையும் ஒரே வீட்டுக்குள் குடிவைத்த கதை அது. சத்யராஜ் நடித்த முருகேசனுக்கு இரண்டிலும் உயிர். 2007 உலகக் கோப்பையில் இந்தியா வெளியேறியபோது அவர் அழுததைப் பார்த்துத்தான் அவர் மகளான சிறுமி கௌசல்யா மட்டையைத் தொடுகிறாள்.

கதை நடப்பது குளித்தலையில். அருண்ராஜாவின் சொந்தப் பகுதி. திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், அகண்ட காவிரியின் தென்கரையில் இருக்கிறது. அந்த நீர் கீழே இறங்கி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணைக்கு வந்து வெண்ணாறாகவும் புதாறாகவும் கிளை விட்டுத் தஞ்சை வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே படம் டெல்டாவின் தலைவாசலில் நடக்கிறது என்று சொல்லலாம்.

கௌசல்யாவை ஆஃப் ஸ்பின்னராக வைத்தது அருண்ராஜாவின் நல்ல முடிவு. சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா வயல்கள் மைதானமாகும். எல்லா வயலும் ஆகாது. அறுப்புக்கு முன்பே உளுந்தோ பயறோ தெளித்த வயலில் கால் வைத்தால் உதைதான் விழும். தெளிக்காத வயலாகப் பார்த்து, தாளை மண்வெட்டியால் செதுக்கி, மூன்று குச்சியை நடுவார்கள். மாசி வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ரப்பர் பந்து வெடிப்பின் விளிம்பில் பட்டால் ஒரு முழம் திரும்பும், இல்லாவிட்டால் எழும்பாமல் கணுக்காலுக்கு வரும். வேகமாக எறிபவனுக்கு அந்தத் தரையில் பெரிய லாபமில்லை. எந்த வெடிப்பின் மேல் போடுவது என்று இடம் பார்த்து, விரலால் சுழற்றுபவருக்கே விக்கெட். இப்படிப்பட்ட தரையில் பையன்களோடு ஆடி வளர்ந்த பெண் சுழற்பந்துக்குப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கௌசல்யாவாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷ் கிரிக்கெட் ஆடிப் பழக்கமில்லாமல் வந்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து நடித்தவர். பந்தை விடுவதற்கு முன் இடது தோள் திறக்கும் விதத்தில் அந்த உழைப்பு தெரிகிறது.

பயிற்சியாளராகச் சிவகார்த்திகேயன் அகாடமிக்குள் வரும்போது தியேட்டர் விசில் அடிக்கும் என்பது அவருக்கும் இயக்குநருக்கும் தெரியும். ஆபத்து அங்கேதான். விசில் நீண்டுவிட்டால் கௌசல்யாவின் படம் கை மாறிவிடும். முகத்தை இறுக்கி, குரலைத் தாழ்த்தி, வழக்கமான கைவீச்சை விட்டுவிட்டு அவர் நடித்திருக்கிறார். கண் பெரும்பாலும் பந்துவீசும் பெண் மேலேயே இருக்கிறது. வசனத்தைச் சொல்லிவிட்டுக் கைத்தட்டலுக்காக நிற்பதில்லை. பல ஆண்டு ஜோக் சொல்லிப் பழகிய ஒருவருக்கு அந்த நிற்கும் பழக்கத்தை விடுவது லேசான காரியமல்ல.

குறை இல்லாமல் இல்லை. பயிற்சியாளரின் அறிவுரைகள் மிகுதி. ஆட்டமே உணர்த்திவிட்டதை வசனம் மறுபடி சொல்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியைக் கடைசிப் பந்துகளில் இழுத்த இழுப்பு, கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சோதனை. வெற்றிக்குப் பிறகு விவசாயிகளுக்காகக் கௌசல்யா பேசுவது உருக்கமாக இருக்கிறது என்றாலும், அதற்கு முன்பே கடன் வாங்கிய முருகேசனின் முகத்தில் சத்யராஜ் அதையெல்லாம் காட்டிவிட்டார். முதல் படம் எடுக்கும் நண்பனிடம் இதை வெட்டு, அதைக் குறை என்று சொல்லவும் ஒரு நண்பன் வேண்டும். அந்த வேலையை இன்னும் கண்டிப்பாகச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெண்கள் கிரிக்கெட் அந்தக் கதையை நெருங்கி வந்த நாளும் வந்தது. 2025 அக்டோபர் 30 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338 ரன்னை இந்தியா துரத்திப் பிடித்தது. ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127. நவம்பர் 2 இறுதியில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றபோது 39 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்த தீப்தி ஷர்மா ஓர் ஆஃப் ஸ்பின்னர். தமிழ்நாட்டுக்கு இதில் முன்கதையும் உண்டு. பெண்கள் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியர் சென்னையின் திருஷ்காமினி; 2013 ஜனவரி 31, மும்பையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. டெல்டாவிலிருந்து அப்படி ஒரு பெயர் வர வேண்டும் என்ற ஆசையை ஊட்டியதற்காகவே 'கனா'வின் மிகை வசனங்களை மன்னிக்கலாம்.

நண்பர்கள் விஷயத்துக்கு வருவோம். 'கோலமாவு கோகிலா'வில் யோகி பாபு நயன்தாராவை நினைத்துப் பாடும் 'கல்யாண வயசு' பாட்டை எழுதியவர் சிவகார்த்திகேயன். ஒரு நகைச்சுவைக்காரர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த காதல் பாட்டு. நெல்சனின் அடுத்த படமான 'டாக்டர்' 2021 அக்டோபர் 9 அன்று வந்தது. என் பார்வையில் சிவகார்த்திகேயனின் மிகச் சிறந்த எதிர்முனை ஆட்டம் அதுதான். அவர் நடித்த டாக்டர் வருணுக்கு முகத்தில் அசைவே கிடையாது. குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சுற்றிலும் யோகி பாபு, ரெடின் கிங்ஸ்லி என்று ஆளாளுக்கு வெடிக்கிறார்கள். அவர்கள் பதறப் பதற இவர் இன்னும் அமைதியாகிறார். கிங்ஸ்லியின் கத்தலுக்குச் சிரிப்பு வருவதே எதிரே கல்லாக நிற்கும் அந்த முகத்தால்தான். வருண் ஓரிடத்தில் உதட்டைச் சுழித்திருந்தாலும் மொத்தக் காட்சியும் தரைதட்டியிருக்கும். நாயகனே சிரிப்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் நிற்பது தமிழ் வணிகப் படத்தில் அரிது.

2024-இல் சூரி. 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்', 'ரஜினிமுருகன்', 'சீமராஜா' எனப் பல படங்களில் சிவகார்த்திகேயனுக்குப் பக்கத்திலேயே நின்று சிரிக்க வைத்தவர். அவரை நாயகனாக வைத்து பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கொட்டுக்காளி'யைத் தயாரித்தது சிவகார்த்திகேயனின் நிறுவனம். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம். பின்னணி இசை கிடையாது. ஆட்டோவிலும் பைக்கிலும் உறவுக்கூட்டத்தோடு போகும் பாண்டி என்ற முரட்டு ஆள் சூரி. தொண்டை கட்டிய குரலில் அவர் பேசுகிறபோது பழைய சூரியின் இழுவை ஒரு சொல்லில்கூடத் தலைகாட்டவில்லை. பணம் போட்டவர் திரையில் எங்கும் வரவில்லை. கௌரவ வேடம் கிடையாது, பாட்டு கிடையாது. நண்பனைப் பார்த்து மக்கள் சிரிக்கக் கூடாத ஒரு படத்துக்கு அவர் முதல் போட்டிருந்தார்.

அருண்ராஜா இரண்டாவது படமாக 'நெஞ்சுக்கு நீதி'யை 2022 மே மாதம் கொண்டுவந்தார். உதயநிதி நாயகன், தயாரிப்பு வேறு இடம். 'நெருப்புடா' என்று 'கபாலி'க்கு எழுதிப் பாடிய குரலாக 2016-இல் தெரியவந்தவர், அதற்குள் தன் பெயரில் வேலை கேட்கும் இயக்குநராக நின்றுவிட்டார். குளித்தலை மண்ணில் அவர் மறுபடி ஒரு விளையாட்டுக் கதையைத் தொட்டால் முதல் நாளே போய்ப் பார்க்கக் காத்திருக்கிறேன்.