கயிலையும் குளக்கட்டும்

திருக்கோணமலையிலே கடலுக்குள் நீண்டு செங்குத்தாக நிற்கும் சுவாமிமலைக்குத் தட்சிண கைலாயம் என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆதிசேடனும் வாயுபகவானும் தம்முள் வலிமை பார்த்தபோது மேருவினின்றும் பெயர்ந்து வீழ்ந்த சிகரங்களுள் ஒன்றே இம்மலை எனத் தலபுராணம் கூறும். உலகின் ஒரு மூலையை அண்டத்தின் நடுத்தூணோடு பிணைக்கும் அழகிய கற்பனை இது.

அண்மைக் காலத்தில் இக்கற்பனைக்கு விஞ்ஞான ஆடை உடுத்த முனைவோர் பலர். வடகயிலையும் கோணேசர் கோயிலும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன என்பர். இரண்டும் 81 பாகையை அடுத்து, ஏறத்தாழ நான்கு கலை வேறுபாட்டில் அமைந்துள்ளன என்பதே உண்மை. கோடு முற்றிலும் ஒன்றாகவே இருப்பினும், மக்கள் ஏன் இம்மலையைக் கயிலை என்றனர் என்னும் வினாவுக்கு அது விடையாகாது. பனிமலைக்குப் போக இயலாத மக்கள் அதனைத் தம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டனர். இந்த மனிதத் தேவையைக் காணாது ரேகையைக் காண்பது குறியீட்டை விளக்குவதாகாது.

சடங்குகளுக்குத் தத்துவப் பொருள் உரைக்கும் மரபை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கூத்தபிரானின் திருவுருவில் ஐந்தொழிலையும் அண்ட இயக்கத்தையும் கண்டு உலகுக்கு உணர்த்தினார். ஆயின் அவரே 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கம்மாளரையும் தச்சரையும் அவர்தம் வாழ்முறையையும் ஆராய்ந்தார் என்பதை அவர் வழிவந்தோர் மறந்துவிடுகின்றனர். படிமத்தின் பொருளைப் பேசுவோர் அதனை வார்த்த கையைப் பேசுவதில்லை.

இக்குறையைத் தீர்க்கும் நூலொன்று திருக்கோணமலையிலேயே உண்டு. கவிராச வரோதயன் இயற்றியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டு அது. பெயர் கல்வெட்டாயினும் ஏட்டில் வந்த நூல். இதில் குளக்கோட்டன் கோயிலுக்கு வயல்நிலம் வகுத்ததும், குடிகளைக் கொணர்ந்து இருத்தியதும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்குத் தொழும்பு விதித்ததும் கூறப்படுகின்றன. பூக்கொய்தல், மாலை தொடுத்தல், நெற்குற்றல் ஆகிய அன்றாட உழைப்பு பூசையோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. இறைவனின் அமுதுக்குப் பின்னே உலக்கை பிடித்த கை ஒன்று இருந்தது என்பதை இந்நூல் ஒளிக்கவில்லை. அவ்வுழைப்பைத் தலைமுறை தலைமுறையாகக் குலத்தோடு கட்டி, மீறலாகாத தெய்வ ஆணையாக்கியதும் இதே நூல்தான். உழைப்பாளிக்கு அது ஏட்டில் ஓர் இடம் தந்தது. அந்த இடத்தைவிட்டு அசையும் உரிமையைத் தரவில்லை.

கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்னும் ஐதிகத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். ஆன்மிக விளக்கம் செய்வோர் பூதங்களை இயற்கைச் சக்திகளின் குறியீடு என்பர். ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்து எழுப்பிய அணைக்கட்டை நினைவுகூரும்போது மன்னனுக்குப் பெயர் எஞ்சிற்று. மண் சுமந்தோருக்கு முகமும் எஞ்சவில்லை. முகமற்றோர் கதையில் பூதங்களாயினர் என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. சமூகம் தன் கடனை மறந்த இடத்திலே ஐதிகம் தோன்றுகிறது.

எனினும் குறியீடு ஆள்வோரின் கருவியாகவே முடிந்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். கோட்டை வாயிற் கல்லிலே இணைக்கயல் இன்றும் அதற்குச் சான்றாக உள்ளது. கோயில் மறைந்த பின்னரும் மக்கள் அம்மலையை விட்டகலவில்லை. எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலில், கோயிலற்ற பாறை விளிம்பில் பூசகர் வெற்றிலையும் பழமும் அரிசியும் கடலில் இட்டு, தேங்காய் உடைத்துத் தூபம் ஏந்தியதையும் மக்கள் திரண்டு வணங்கியதையும் வருணிக்கின்றார். மூலத்தானமும் கோபுரமும் இல்லாத பூசை அது. கோட்டைக்குள் அந்நியப் படை காவல் நிற்க, ‘இம்மலை எமது’ என்று மக்கள் சொல்லிய மொழி அந்தத் தூபம். 1963 இல் மீளக் கட்டப்பெற்ற கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்ததெனின், இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளையும் தாங்கியது இந்த வெறும்பாறை வழிபாடே.

ஆனால் ‘எமது’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? இவ்வினா கோணமலையோடு நிற்பதன்று. அண்டமெல்லாம் சிவமயம் என்று விளக்கம் கூறிய அதே சைவச் சமூகம், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசம் கோரிய ஒடுக்கப்பட்ட மக்களின் முன் கதவை அடைத்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தும் இது நடந்தது. அண்டத்தை உள்ளடக்கும் தத்துவம் அயல் வீட்டானை உள்ளே விடவில்லை.

ஆகவே ஒரு சடங்கின் உட்பொருள் யாதென மாணவர் வினவும்போது ஆசிரியர் தத்துவத்தைச் சொல்லட்டும். அதனுடன் நெல்லைக் குற்றியவர் யார், குளத்தை வெட்டியவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்பட்டும். இம்மூன்றுக்கும் மறுமொழி கூறாத எந்த விளக்கமும் பாதி விளக்கமே.