முதுகு நரம்பு வடம்: ஒரு வழக்கு, இரண்டு தீர்ப்புகள்

மனிதன், மீன், தவளை, ஆம்பியாக்சஸ் என முதுகுநாணிகள் அனைத்திலும் மைய நரம்பு வடம் முதுகுப்புறமாக ஓடுகிறது. அதற்குக் கீழே குடல். பூச்சி, இறால், மண்புழு ஆகியவற்றில் வரிசை தலைகீழ்: வடம் வயிற்றுப்புறம், முதன்மை இரத்தக்குழலோ இதயமோ முதுகுப்புறம். இது எப்படி நேர்ந்தது என்பது இருநூறு ஆண்டு வழக்கு. பழைய மூதாதையின் உடல் புரண்டது, அதன் வயிற்று வடமே நம் முதுகு வடமாயிற்று என்று பலர் வழக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கிடக்கின்றன. முதலாவதற்கு இருக்கும் சான்று இரண்டாவதற்கு இல்லை.

புரண்ட உடல் என்ற எண்ணத்தை 1822இல் முன்வைத்தவர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர். நண்டின் உறவான கடல்வாழ் லாப்ஸ்டரை மல்லாத்திக் கிடத்தி அறுத்துப் பார்த்தார். மேலே நரம்பு வடம், நடுவில் குடல், அடியில் இதயம். முதுகெலும்பியின் உள்ளமைப்பே கண்முன் கிடந்தது. எல்லா விலங்குகளுக்கும் ஒரே கட்டமைப்புதான் என்ற அவர் கொள்கையை 1830இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் குவியே கடுமையாக எதிர்த்தார். வாதத்தில் வென்றவர் குவியே என்பதே அன்றைய பொதுக்கருத்து. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஜெஃப்ராயின் கையில் இருந்தது தோற்ற ஒற்றுமை மட்டுமே, காரணம் இல்லை.

காரணம் கிடைத்தது 1990களில். கருவின் வெளிப்படலத்தில் பி.எம்.பி. என்ற புரதச் சமிக்ஞை ஓங்கிய இடம் தோலாகிறது. கார்டின் என்ற புரதம் பி.எம்.பி.யைப் பற்றிக்கொண்டு முடக்கும் இடத்தில் நரம்புத்திசு உருவாகிறது. தவளைக் கருவில் கார்டின் முதுகுப்பக்கம் சுரக்கிறது. பழ ஈயில் அதற்கு இணையான புரதம் வயிற்றுப்பக்கம். 1995இல் ஆய்வாளர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள். ஈயின் புரதம் தவளைக் கருவில் முதுகுப்புறத் திசுக்களைத் தூண்டியது. தவளையின் கார்டின் ஈயின் கருவில் வயிற்றுப்புறத் திசுக்களைத் தூண்டியது. இதைவிடத் தெளிவான சோதனை உயிரியலில் அரிது. நரம்பு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் கருவி இரண்டு விலங்குகளிலும் ஒன்றே, அதன் திசைதான் வேறு.

ஒரு விலங்கு தலைகீழாக வாழ்வது நம்ப முடியாததா? இறால் பொரிப்பகங்களில் தீனியாக வளர்க்கும் ஆர்ட்டீமியா மல்லாந்தே நீந்துகிறது. இதில் பெரிய தடை வாய்தான். பூச்சியிலும் புழுவிலும் வாய் நரம்பு வடம் உள்ள பக்கம், நமக்கோ எதிர்ப்பக்கம். உடல் புரண்டிருந்தால் வாயும் இடம் மாறியிருக்க வேண்டும். ஆம்பியாக்சஸின் இளவுயிரியில் வாய் உடலின் இடப்பக்கத்தில் திறக்கிறது. அந்த இடமாற்றத்தின் தடயம் இது என்பது கவர்ச்சியான வாசிப்பு. நான் இதைத் துணைச்சான்றாக மட்டுமே ஏற்பேன்.

முதல் கூற்றைத் தீர்த்துவைத்தது அரைநாணி என்ற புழு வடிவக் கடல்விலங்கு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மணலில் வாழும் பலனோகிளாசஸ் இனத்தின் உறவான சாக்கோகிளாசஸை லோவும் சகாக்களும் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் கார்டின் வயிற்றுப்பக்கம், பி.எம்.பி. முதுகுப்பக்கம், அதாவது ஈயின் திசை. நமக்கு நெருங்கிய உறவான விலங்கே பழைய திசையில் இருப்பதால், முதுகுநாணிகளின் கிளையில்தான் உடலின் அச்சு புரண்டது. இதை நிரூபணமானதாகவே கொள்கிறேன். ஜெஃப்ராய்க்கு இதில் முழு மதிப்பும் உண்டு.

அதே ஆய்வுதான் இரண்டாவது கூற்றை உடைக்கிறது. சாக்கோகிளாசஸ் கருவுக்கு பி.எம்.பி.யை அளவுக்கு மீறிக் கொடுத்தும் அதன் நரம்புத்திசு மறையவில்லை. அதன் நரம்பணுக்கள் பெருமளவு தோலடியில் வலையாகப் பரவியிருக்கின்றன. முதுகிலும் வயிற்றிலும் ஒவ்வொரு வடம் உண்டு. கழுத்துப்பட்டைப் பகுதியில் முதுகு வடம் உள்ளே அமிழ்ந்திருக்கிறது. இவற்றில் எது நம் வடத்தின் மூதாதை என்பதில் உடன்பாடே இல்லை. அச்சுக் கருவி முழுமையாக இருந்தும் நரம்பை ஒரு பக்கம் ஒதுக்கும் வேலையை அது இங்கே செய்யவில்லை. அச்சும் வடமும் ஒரே சொத்தல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதிர்த்தரப்பின் வலுவான சான்று பிளாட்டினெரீஸ் என்ற வளைதசைக் கடற்புழு. 2007இல் வெளியான ஆய்வின்படி அதன் வயிற்று வடம் உருவாகும் இடத்தில் மரபணுக்கள் செயல்படும் பட்டைகளின் வரிசை, முதுகெலும்பியின் நரம்புக்குழலில் உள்ளதை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது. இத்தனை ஒழுங்கு தற்செயலாக இருமுறை வருமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2003இல் லோ குழு காட்டியது நினைவில் இருக்க வேண்டும்: தலை முதல் வால் வரை நம் மூளையையும் தண்டுவடத்தையும் வகுக்கும் மரபணுக்களின் வரிசை, சாக்கோகிளாசஸின் தோலைச் சுற்றி வளையங்களாக அப்படியே இருக்கிறது. நிலத்தில் ஒரே முறையில் அளவுக்கல் நட்டிருப்பதால் அதில் எழுந்த வீடுகளை ஒரே கொத்தனார் கட்டினார் என்று சொல்ல முடியாது.

2018இல் மார்ட்டின்-டுரான் குழு ரோட்டிஃபர், நெமெர்ட்டீன், பிராக்கியோபாட் போன்ற விலங்குகளிலும், ஓவீனியா என்ற மற்றொரு வளைதசைப்புழுவிலும் அதே பட்டைகளைத் தேடியது. பெரும்பாலானவற்றில் அந்த வரிசை இல்லை. ஓவீனியாவுக்கு வயிற்று வடம் இருந்தும் வரிசை இல்லை. இந்த ஆய்விலும் பலவீனம் உண்டு. இருந்த ஒழுங்கு பிற்காலத்தில் பல கிளைகளில் தொலைந்திருக்கலாம்; இல்லாமை எதையும் முழுதாக நிறுவாது. ஆனால் இத்தனை கிளைகளில் தனித்தனியே தொலைந்தது என்று வாதிடுபவரே அதற்குச் சான்று தர வேண்டும். இதுவரை அது வரவில்லை.

ஆகவே உடல் அச்சு பொதுவானது, நம் கிளையில் அது புரண்டது, இரண்டும் நிலைநின்றவை. நம் வடமும் பூச்சியின் வடமும் ஒரே பழைய வடம் என்பது நிலைநிற்கவில்லை; பரவிய வலையிலிருந்து அவை தனித்தனியே திரண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதை மாற்ற வேண்டுமானால் மரபணுப் பட்டைகளைத் தாண்டி, பல கிளைகளில் நரம்பணு வகைகளையும் அவற்றின் இணைப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.