தொட்டிக்கு வெளியே நிற்பவர்

கத்தோலிக்கக் கோயிலில் சுவரோரம் நிற்கும் அந்த மரக்கூண்டைப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பார்கள். இன்றைய ஏட்டு வழக்கில் அங்கே நடப்பது ஒப்புரவு அருட்சாதனம். மண்டியிட்டவர் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்ல, தட்டிக்கு அப்பால் இருக்கும் குரு கடவுளின் பெயரால் மன்னிப்பு வழங்கி, பரிகாரமாகச் சில செபங்களைச் சொல்லச் சொல்கிறார். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்தாக வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், தமிழ் அச்சு தவழத் தொடங்கிய 1580-லேயே இதற்கென ஒரு வழிகாட்டி நூலைக் கொச்சியில் அச்சிட்டார். இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்த பழக்கம் மனிதரைக் குற்றவுணர்விலிருந்து விடுவிக்கிறதா? விடுவிக்கிறது. விடுபட்டவர் அடுத்து யார் வாசலுக்குப் போகிறார் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது.

முதலில் அதன் வலிமை. மறைத்து வைத்த குற்றம் மனிதரைத் திருத்துவதில்லை. தன்னையே சுற்றிச் சுற்றி வரவைக்கிறது. இளந்துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவம் அறிக்கையிட்டும், ஏதேனும் விட்டுப்போயிருக்குமோ என்ற அச்சத்திலேயே உழன்றார். அந்த நிலையில் இருப்பவருக்குத் தன்னால் காயம்பட்டவரின் முகம் தெரியாது; தன் அழுக்கு மட்டுமே தெரியும். குற்றத்துக்குப் பெயர் சொல்லி, அதைவிடப் பெரிய அன்பு ஒன்று உண்டு என்று கேட்கும்போதுதான் பார்வை தன்னைவிட்டு வெளியே திரும்ப வழி பிறக்கிறது.

ஆனால் வழி பிறந்ததாலேயே எல்லோரும் நடந்துவிடுவதில்லை. எடையில் ஏமாற்றும் கடைக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை அறிக்கையிடுகிறார், மூன்று செபம் சொல்கிறார், மனம் லேசாகிறது. திங்கட்கிழமை காலை அதே குறைந்த படிக்கல் தராசில் ஏறுகிறது. குறைந்த அரிசியை வாங்கிப்போனவருக்கு அந்தத் தொட்டியில் இடமே இல்லை. இது வெறும் கற்பனை அச்சமன்று. சிறார்மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், குற்றம் செய்த குருக்கள் தம் குற்றவுணர்வைத் தணித்துக்கொள்ளவும் இந்த அருட்சாதனத்தைப் பயன்படுத்தியதை 2017-இல் தன் இறுதி அறிக்கையில் பதிவுசெய்தது. அங்கே தணிந்தது செய்தவரின் வேதனை, பட்டவரின் வேதனையன்று.

திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறதே எனலாம். சொல்கிறது. ஆனால் அறிக்கையின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட குரு, திருப்பிக் கொடுத்தாரா என்று வெளியே விசாரிக்க முடியாது. எளிதில் செய்து முடிக்கக்கூடிய பரிகாரம் செபம்தான் என்பதால், கடினமானது கைநழுவிப்போகிறது. ஈடு செய்தால்தான் மன்னிப்பு என்றால் அருள் கூலியாகிவிடாதா என்பது சீர்திருத்தச் சபையாரின் மறுப்பு. 1517-இல் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு வணிகத்தை லூத்தர் எதிர்த்ததை நினைத்தால் அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை லூக்கா நற்செய்தியின் சக்கேயு. அந்த வரிதண்டுவோர் தலைவனின் வீட்டுக்கு இயேசு தாமாகவே விருந்தாளியாகப் போகிறார். அதன் பிறகே அவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். அங்கே ஈடு விலையாக முன்னால் நிற்கவில்லை, விளைவாகப் பின்னால் வருகிறது. ஆனாலும் வந்தே தீருகிறது.

காயம்பட்டவர் இறந்துபோயிருக்கலாம், உண்மையைச் சொல்வதே புதிய காயமாகலாம். அப்போது ஈட்டின் வடிவம் மாறும், கடமை மறையாது. கடவுளே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரை நெருக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. மன்னிப்பு குற்றவுணர்வைத் தீர்க்கும், கடனைத் தீர்க்காது. கடனைத் தீர்க்கும் தெம்பைத் தரும். அந்தக் கடைக்காரர் உண்மையிலேயே விடுதலை பெற்றாரா என்பதை அவர் மனத்தின் நிம்மதியை வைத்துச் சொல்ல முடியாது. திங்கட்கிழமைத் தராசைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.