அளவுகோலை முதலில் அளந்திடுக!

வானொலி அலைகளை எண்களாக மாற்றும் துறையில் நெடுங்காலமாக ஒரு விதி கோலோச்சி வருகிறது. ஓர் அலையில் அடங்கிய மிக உயர்ந்த அதிர்வெண் எதுவோ, அதன் இரு மடங்குக்குக் குறையாத வேகத்தில் மாதிரிகளை எடுத்தால்தான் அலையைப் பிழையின்றி மீட்கலாம் என்பதே அது. 1928இல் நைக்விஸ்ட் தந்தித் துறையில் வித்திட்டதை, 1949இல் ஷானன் கணிதமாக நிலைநாட்டினார்.

இவ்வேகத்தினும் மிகக் குறைந்த வேகம் போதும் என்று காட்டிய ஆய்வுகளுள் சிறந்தது, இஸ்ரேலின் டெக்னியான் கழகத்தைச் சேர்ந்த மிஷாலியும் எல்டாரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை. அதன் தலைப்பே 'கோட்பாட்டிலிருந்து செய்முறைக்கு' என்று தொடங்குகிறது. அத்தலைப்புக்கு அது முற்றும் தகுதியுடையதுதானா என ஈண்டு ஆராய்வோம்.

கட்டுரையின் அடிப்படை எளியது. வானொலி அலைவெளி பரந்து கிடந்தாலும், ஒரு நேரத்தில் பயன்படுவது சில பகுதிகளே. அப்பகுதிகளின் மொத்த அகலத்துக்குக் குறைந்த வேகம் ஆகாது என்று 1967இல் லாண்டவ் நிறுவினார். அவை எங்கு உள்ளன என்றே தெரியாவிடில் இரு மடங்கு வேண்டும் என்பது மிஷாலி, எல்டார் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு முடிவு.

கருவி இயங்கும் விதம் இது: வரும் அலையைச் சில கிளைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கிளையிலும், கூட்டல் கழித்தல் என விரைந்து மாறி, குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலையால் அதைப் பெருக்குகிறார்கள். உடனே அலைவெளியின் துண்டுகள் யாவும் வெவ்வேறு நிறையுடன் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விழுகின்றன. பின்னர் ஒரு வடிகட்டி. அதன்பின் மெதுவாக மாதிரி எடுக்கும் உறுப்பு. நிறைகளின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எத்துண்டில் அலை இருந்தது என்று கணிதம் பிரித்தறிகிறது.

2011இல் இவர்கள் விவரித்த கருவி, பழைய விதிப்படி வினாடிக்கு 200 கோடி மாதிரிகள் வேண்டிய இடத்தில் 28 கோடியுடன் நின்றது. நிறைந்திருந்த அகலம் 120 மெகாஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 240 எனும்போது, 280 என்பது எல்லையை நெருங்கிய சிக்கனமே. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

குறை எங்கே? அந்த அட்டவணையில்தான்! தாளில் எழுதிய நிறையும் கருவிக்குள் இருக்கும் நிறையும் ஒன்றல்ல. பெருக்கும் உறுப்பு சற்றே பிறழும். கம்பியில் அலை தாமதிக்கும். வடிகட்டியின் விளிம்பு சுவர்போல் நிமிராது, சரிவாகவே இறங்கும். பெருக்கும் அலையின் வடிவம் செம்மையாக இராவிடினும், அது மாறாமல் திரும்பி வந்தால் போதும் என்று ஆசிரியர்கள் கண்டது நுண்ணிய நோக்கு. ஆயினும், வடிவம் செம்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதால் அது நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

இவ்வினாவுக்கு விடையாக, கருவியை அளவு திருத்தும் முறை பற்றிய தனிக் கட்டுரை எல்டாரின் குழுவிலிருந்தே 2014இல்தான் வந்தது. அதிர்வெண் தெரிந்த அலைகளைச் செலுத்தி, வெளிவருவதை ஒப்பிட்டு, உண்மை நிறைகளைக் கண்டறிவதே வழி. கடையில் தராசை எடைக்கல்லால் சோதிப்பது போன்றது இது. முறை நன்றே, செலவைப் பாருங்கள். எடைக்கல்லாகும் அலை ஒவ்வொரு துண்டையும் சென்று தொட வேண்டும். ஆகவே அலைவெளி முழுவதையும் எட்டும் ஓர் அலையாக்கி வேண்டும். வெப்பம் மாறினால் உறுப்புகளும் மாறும். மீண்டும் திருத்த வேண்டும்.

எடைக்கல்லே இன்றி, அறியாத அலைகளைக் கொண்டே திருத்தலாம் என்று முயன்றோரும் உளர். கிரிபான்வால் முதலியோர் 2012இல் அவ்வழியை ஆராய்ந்தனர். அதற்கும் ஓர் எல்லை உண்டு: கருவியின் நிறைகளெல்லாம் இரு மடங்காகி அலை பாதியானால், விடை மாறாது. எடை அறியாத பொருளால் தராசின் நேர்மையை முழுதும் அறிய இயலாதன்றோ!

திருத்தத்தால் தீராத குறையும் ஒன்று உண்டு. துண்டுகள் மடியும்போது அவற்றின் இரைச்சலும் சேர்ந்தே மடிகிறது. வேகத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3 டெசிபெல் இழப்பு நேரும் என்று டேவன்போர்ட் குழுவினர் 2012இல் காட்டினர்.

வெற்று அலைவரிசையைத் தேடிப் பயன்படுத்தும் வானொலிகளுக்கு இத்தகைய கருவி உதவும் என்கிறார்கள். அவ்விடத்தில் தவறான அட்டவணை சிறு பிழையாக நில்லாது. இல்லாத ஒலிபரப்பை உண்டென்று சொன்னால் இடம் வீணாகும்; இருப்பதை இல்லையென்று சொன்னால் பிறர் பேச்சின் குறுக்கே நாம் புகுந்தவராவோம்.

ஆதலின், 2010ஆம் ஆண்டுக் கட்டுரை கோட்பாட்டில் முதல் தரம். செய்முறையில் பாதி வழி. இத்துறையில் இனி எழுதுவோர், மிச்சப்படுத்திய மாதிரிகளின் கணக்கோடு மூன்று செய்திகளையும் தருதல் கடன்: கருவியைத் திருத்த எத்தனை அளவீடுகள் வேண்டின, அத்திருத்தம் எத்துணைக் காலம் நிலைத்தது, திருத்திய பின்னும் எஞ்சிய பிழை எவ்வளவு. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத ஏடு கணக்கேடு ஆகாது.