கல்விக்கழகத்தை மூடினால் கணக்கு நேராகுமா?

பிலிப்பைன்ஸ் நாட்டின் இராணுவக் கல்விக்கழகம் பாகியோ என்னும் மலைநகரில் அமைந்துள்ளது. 1899ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தீராட் கணவாயில் அமெரிக்கப் படையைத் தடுத்து நின்று, தமது 24ஆம் வயதில் உயிர்நீத்த தளபதி கிரெகோரியோ டெல் பிலாரின் பெயரை அதன் வளாகம் தாங்கி நிற்கிறது. அவரைக் கொன்ற நாட்டின் வெஸ்ட் பாயிண்ட் கழகத்தையே முன்மாதிரியாகக் கொண்டு, 1935ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் இக்கழகம் உருப்பெற்றது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. நான்காண்டுப் படிப்பு, கட்டணம் இல்லை, பயிலும் காலத்திலேயே மாத ஊதியமும் உண்டு. எனவே ஏழை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் வாயில் அது. துணிவு, நேர்மை, பற்றுறுதி என்பவை அதன் மூன்று கொள்கைச் சொற்கள்.

இக்கழகத்தை இழுத்து மூடிவிட வேண்டும் என்னும் குரல், படைத்துறை ஊழல் ஒன்று வெளிப்படும் போதெல்லாம் எழுகின்றது. சினத்தில் பிறந்த குரல்தான். ஆயினும் சினத்தில் பிறந்தது என்பதனாலேயே அதைத் தள்ளிவிடுதல் முறையன்று. அதன் வாதத்தை அதற்குரிய முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே அதனோடு வழக்காடும் உரிமை நமக்கு உண்டு.

2003ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இரண்டு இளைஞர்களிடம் 1 இலட்சம் டாலர் ரொக்கம் பிடிபட்டது. அறிவிக்காமல் கொண்டுவந்த பணம். அவர்களின் தந்தை மேஜர் ஜெனரல் கார்லோஸ் கார்சியா, பிலிப்பைன்ஸ் ஆயுதப் படைகளின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி. பணத்தை மீட்கும் முயற்சியில் அவருடைய மனைவி அமெரிக்கச் சுங்க அதிகாரிகளுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த விளக்கத்தில், ஒப்பந்தக்காரர்கள் அன்பளிப்புகள் தருவது வழக்கமே என்று குறிப்பிட்டார். மறைக்க வேண்டிய செய்தி இது என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை! பின்னர்த் தொடுக்கப்பட்ட கொள்ளை வழக்கில் குறிக்கப்பட்ட தொகை 30 கோடி பெசோவுக்கும் மேல். கார்சியா இக்கழகத்தின் 1971ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர். அவ்வகுப்பினர் தாகலாக் மொழியில் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'மதாபத்'. நேர்மையாளர் என்பது அதன் பொருள்.

கழகத்தில் ஒரு நன்மதிப்பு நெறி உண்டு. பொய் கூறேன், ஏமாற்றேன், திருடேன் என்பதோடு அது நிற்பதில்லை; அவ்வாறு செய்வோரை நம்மிடையே பொறுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்று மாணவன் உறுதி கூறுகிறான். இந்நான்காவது வாக்கே இவ்வழக்கின் உயிர்நாடி. 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மாணவர் வகுப்புக்கு 2 நிமிடம் தாமதமாக வந்தார். முந்தைய வகுப்பு தாமதமாக முடிந்தது என்று காரணம் எழுதினார். அது பொய் என்று மாணவர்களின் நன்மதிப்புக் குழு தீர்ப்பளித்தது. வகுப்பில் முன்னணியில் இருந்த அவர் 2014ஆம் ஆண்டுப் பட்டமளிப்பில் தம் தோழரோடு நிற்க இயலவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றமும் கழகத்தின் முடிவையே உறுதி செய்தது.

இனிக் கார்சியாவின் கதையோடு இதனை ஒப்பிடுவோம். சொத்து விவரங்களை முழுமையாக வெளியிடாமை, பணியில் இருந்துகொண்டே அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை வைத்திருந்தமை ஆகிய குற்றங்களுக்காக இராணுவ நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தது. அத்தீர்ப்பைக் குடியரசுத் தலைவர் உறுதி செய்தது 2011ஆம் ஆண்டு செப்டம்பரில். இரண்டு நிமிடத் தாமதத்திற்குச் சில மாதங்களில் முடிவு. கோடிகளின் கணக்கில் ஒரு கையொப்பத்திற்கு ஏறத்தாழ 6 ஆண்டு. மூடிவிடுங்கள் என்று கூறுவோரின் நெஞ்சில் எரிவது இந்த முரண்பாடுதான். சிறுவனிடம் கண்டிப்பு, தளபதியிடம் கண்மூடல் எனில் அந்நெறி எதற்கு என்று அவர்கள் வினவுகின்றனர். நியாயமான வினா.

அவர்களுக்கு இன்னுமொரு சான்றும் உண்டு. ஒரே வகுப்பில் பயின்றவர்கள் ஒருவரையொருவர் 'மிஸ்தா' என்று அழைப்பர். கடுங்குளிரிலும் பசியிலும் தண்டனையிலும் சேர்ந்து வளர்ந்த உறவு அது. வாழ்நாள் முழுதும் அறுவதில்லை. போர்க்களத்தில் அது உயிர்காக்கும். ஆனால் ஒப்பந்தப் புள்ளிகளைத் திறக்கும் அறையில் அதே உறவு என்ன செய்யும்? கையெழுத்திடுபவர், சரிபார்ப்பவர், விசாரிப்பவர் மூவரும் ஒரே மேசையில் உண்டு வளர்ந்தவர்களாயின், பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்ற வாக்கு அங்கே நாவெழாமல் போகும். புதிய மாணவரை வதைக்கும் வழக்கமும் இம்மௌனத்திற்கே பயிற்சி தருகிறது. அதைத் தடுக்கும் சட்டம் 2018இல் கடுமையாக்கப்பட்ட பின்னரும், 2019 செப்டம்பரில் முதலாண்டு மாணவர் ஒருவர் அடிபட்டு இறந்தார். கழகத்தின் தலைவர் பதவி விலகினார். அடித்தவரைக் காட்டிக்கொடுக்காதே என்று பதினெட்டு வயதில் கற்றவன், ஐம்பது வயதில் வேறொன்றைச் செய்வான் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

இத்துணையும் ஒப்புக்கொண்ட பின்னும், மூடுவதே தீர்வு என்னும் முடிவை நம்மால் ஏற்க முடியவில்லை.

பெர்டினான்ட் மார்க்கோஸ் காலத்துப் படைத்துறைச் சீரழிவின் உருவமாக நின்றவர் யார்? 1981 முதல் முப்படைத் தலைமைத் தளபதியாயிருந்த பேபியன் வேர். அவர் இக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர் படைப் பயிற்சி வழியாக வந்தவர். மார்க்கோசும் அவ்வழியினரே. ஓய்வு வயது கடந்த தளபதிகளுக்குப் பதவி நீட்டிப்பு வழங்கித் தம் ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டார் மார்க்கோஸ். அதனை எதிர்த்துக் கொதித்தவர்கள் கழகத்தில் பயின்ற இளம் அதிகாரிகள். படைத்துறைச் சீர்திருத்த இயக்கம் என ஒன்றை அவர்கள் தொடங்கினர். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று அவர்களும் அவர்களுக்கு ஆதரவாயிருந்தோரும் பாசறைகளுக்குள் முடங்கி நின்றபோது, கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸ் வானொலி வழியாக மக்களை அழைத்தார். செபமாலை ஏந்திய மக்கள் தகரிகளின் முன் மண்டியிட்டனர். மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்டு வளர்ந்த நம் இல்லத்தவர்க்கு அந்நாட்கள் முற்றிலும் அயலார் கதையல்ல.

ஆனால் அவ்விளம் அதிகாரிகளைப் புனிதராக்குவதும் பிழையாகும். அவர்களுள் சிலர் அவசர நிலைக் காலத்தில் கைதிகளை வதைத்தவர்கள். 1987இலும் 1989இலும் மக்களாட்சிக்கு எதிராகவே துப்பாக்கி தூக்கினர். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்பிரட் மெக்காய் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட 'குளோசர் தேன் பிரதர்ஸ்' என்னும் நூலில் இக்கழகத்தின் இரு வகுப்புகளை ஒப்பிடுகிறார்: 1940ஆம் ஆண்டினர், 1971ஆம் ஆண்டினர். முன்னவர் போரிலும் அமைதியிலும் குடியாட்சிக்குக் கட்டுப்பட்டு நின்றனர். பின்னவரிடமிருந்து வதையாளரும் கலகக்காரரும் தோன்றினர். பள்ளி ஒன்று; உறுதிமொழியின் மரபு ஒன்று. வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் அவர்களை ஏற்றுக்கொண்ட ஆட்சிதான் வேறு. 1971இல் பட்டம் பெற்றவனை அடுத்த ஆண்டே இராணுவச் சட்ட ஆட்சி எதிர்கொண்டது. பள்ளியே நோயின் வேர் என்போர் இந்த ஒப்பீட்டிற்கு விடை கூறியாக வேண்டும்.

ஊழல் நடந்த வழியையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று, 300க்கும் மேற்பட்ட படையினர் மக்காத்தி நகரில் ஓக்வுட் என்னும் அடுக்ககத்தைக் கைப்பற்றி ஊழலுக்கு எதிராக முழங்கினர். தலைமை தாங்கிய அந்தோனியோ திரில்லானஸ் 1995ஆம் ஆண்டு வகுப்பினர். ஒரே நாளில் கலகம் அடங்கியது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பிளோரெந்தினோ பெலிசியானோ தலைமையிலான ஆணையம், கலகத்தைக் கண்டித்தபோதிலும், குறைகளில் உண்மை உண்டு என்றது. அவ்வறிக்கை விவரித்த தந்திரத்திற்குப் படையினர் வைத்த பெயர் 'கன்வர்ஷன்', அதாவது பணமாக்கல். எரிபொருள் வாங்கியதாகச் சீட்டு எழுதப்படும், எரிபொருள் வராது, வணிகர் தம் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை ரொக்கமாகத் தருவார். வரவு செலவுத் திட்டத்தில் இடமில்லாத அவசரத் தேவைக்காகக் களத்தில் செய்யப்படும்போது இது குற்றமாகவே தோன்றுவதில்லை. முதல் முறை வண்டி பழுதுபார்க்க; பத்தாம் முறை யாருக்கு என்று கேட்பார் இல்லை. வீரர்களின் ஊதியத்தில் பிடித்த பணத்தைக் கொண்ட ஓய்வூதிய நிதியமும் நில பேரங்களில் நலிந்து, 2006ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்தது. இவற்றுள் எதுவும் பாகியோவின் வகுப்பறையில் கற்பிக்கப்படுவதன்று. கணக்கு அலுவலகமே இங்குப் பள்ளி.

2011ஆம் ஆண்டு செனட் அவை விசாரணையில், ஓய்வுபெறும் தலைமைத் தளபதிகளுக்குப் பெருந்தொகை வழியனுப்புப் பணமாகக் கொடுக்கப்பட்டதென முன்னாள் கணக்கு அதிகாரி ஒருவர் குற்றஞ்சாட்டினார். குற்றஞ்சாட்டப்பட்டவருள் ஒருவரான முன்னாள் தலைமைத் தளபதி ஏஞ்சலோ ரேயஸ், பிப்ரவரி 8 அன்று தம் தாயின் கல்லறையருகே தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அக்குற்றச்சாட்டு அவர்மீது நீதிமன்றத்தில் நிறுவப்படவேயில்லை. அதனைத் தீர்ப்பாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் வேறொன்று கவனிக்கத்தக்கது. அரோயோ அம்மையாரின் ஒன்பதாண்டு ஆட்சியில் பத்துப் பேருக்குக் குறையாமல் அப்பதவியில் அமர்ந்து எழுந்தனர். ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு முறை என்பது போல் பதவி சுழன்றது. ஓராண்டு கூட நிலைக்காத தலைவர் எந்தக் கணக்கைத் திருத்துவார்? 2022இல் பதவிக்காலத்தை நிலைப்படுத்தச் சட்டம் இயற்றினர். படைக்குள் முணுமுணுப்பு எழ, 2023இல் அதனைத் திருத்தினர்.

கழகங்களைக் கலைத்த நாடும் உண்டு. துருக்கியில் 2016 ஜூலை 15 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும், அம்மாத இறுதியிலேயே இராணுவ உயர்நிலைப் பள்ளிகளும் பயிற்சிக் கழகங்களும் அரசாணையால் மூடப்பட்டன. பழைய அதிகாரிப் பள்ளிகள் புதிய தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அங்குக் காரணம் ஊழலன்று. எனினும் பாடம் நமக்குப் பயன்படும். பள்ளி மறைந்தாலும் அதிகாரிகள் தேவை மறைவதில்லை. அவர்களை யார் தெரிந்தெடுப்பது என்னும் உரிமை மட்டும் ஆள்வோரின் கைக்கு மேலும் நெருங்கி வருகிறது. மார்க்கோசையும் வேரையும் கண்ட ஒரு நாடு அவ்வுரிமையை எளிதில் கைமாற்றலாகாது.

கலைக்க வேண்டியது ஏதுமில்லையா? உண்டு, ஒன்றைக் கலைத்தும் இருக்கிறார்கள். கார்சியா வழக்கிற்குப் பின் அவர் வகித்த நிதிக் கட்டுப்பாட்டு அலுவலகமே கலைக்கப்பட்டு, அதன் பணிகள் பிரித்தளிக்கப்பட்டன. திட்டமிடுபவரும் பணம் தருபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராயிருந்த நிலை இதனால் உடைந்தது. ஆரவாரமற்ற இச்செயல் கழகத்தை மூடுவதைக் காட்டிலும் கூரியது என்பது நம் கருத்து. கார்சியாவின் கணக்கைத் தோண்டியெடுத்தவரும் படையினர் அல்லர். அரசுத் தணிக்கை ஆணையத்தைச் சேர்ந்த ஹெய்டி மெந்தோசா என்னும் பெண்மணி. யாருக்கும் அவர் மிஸ்தா அல்லர். மேசையில் அவருக்கு உறவு இல்லை. ஆதலால் தாள்களை அவரால் படிக்க முடிந்தது. பணம் புழங்கும் பதவிகளில் ஒரே வகுப்பினர் அடுத்தடுத்து அமர்வதைத் தடுத்து, அத்தகைய தணிக்கையாளருக்குப் பாதுகாப்பும் தந்தால், கழகத்தின் நான்காவது வாக்கை வெளியாராவது காப்பாற்றுவர்.

கழகத்திடமும் ஒன்று கேட்கலாம். அந்நன்மதிப்புக் குழுவின் அதிகாரம் பட்டமளிப்பு நாளோடு முடிகின்றது. பட்டம் பெற்ற பின் நெறி பிறழ்ந்தவனின் பெயரை முன்னாள் மாணவர் பட்டியலிலிருந்து நீக்கும் துணிவு கழகத்திற்கு உண்டா? 2 நிமிடத்திற்காக ஒருவரை வெளியேற்றிய கழகம் இது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஊழல் தடுப்பு நீதிமன்றமான சந்திகன்பாயன், இலஞ்சம், பணச்சலவைக்கு உதவியமை ஆகிய குற்றங்களுக்காகக் கார்சியாவுக்குத் தண்டனை விதித்தது. சான் பிரான்சிஸ்கோவில் பணம் பிடிபட்டு அப்போது பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அன்று பாகியோவில் உறுதிமொழி கூறிக்கொண்டிருந்த முதலாண்டு மாணவருட் பலர், அப்பணம் பிடிபட்டபோது தாயின் மடியில் தவழ்ந்த பிள்ளைகள்.