பர்வதமலை உச்சி

செங்கத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டித் தனித்து நிற்கிறது பர்வதமலை. சங்ககால மன்னன் நன்னனின் நவிரமலை இதுவே என்பர். அவனைப் பாடும் சங்கநூலான, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், 583 அடிகளில் இந்நிலத்தின் வழியைச் சொல்கிறது: பன்றிப்பொறி, பாசி படர்ந்து வழுக்கும் பாறை, தினைக்காவலர் எறியும் கவண்கல் என ஒவ்வோர் இடருக்கும் எச்சரிக்கை உண்டு.

இன்றைய ஏற்றம் தென்மகாதேவமங்கலத்திலிருந்தோ கடலாடியிலிருந்தோ தொடங்குகிறது. காட்டுவழி முடிந்தபின் செங்குத்துப் பாறை. அதில் அறைந்த கடப்பாறைகளும் சங்கிலிகளும் இரும்பு ஏணிகளுமே பிடிமானம். உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர் கோயில். பௌர்ணமி நாள்களில் கூட்டம் மிகும். அங்கிருந்து மேற்கே ஜவ்வாது மலையின் அடுக்குகள், தெற்கே அண்ணாமலை, கீழே ஏரிகளும் வயல்களும் தெரியும். மழை ஓய்ந்து பாறை காய்ந்த நாள்களே ஏறுவதற்கு ஏற்றவை.